கொன்றையம்பாடி ஸ்டேஷன் படத்தில் ஒரு காலி நாற்காலி

கொன்றையம்பாடிக்கு ரயில் வந்தபோது ஊர் அதைப் புது மாப்பிள்ளையை அழைப்பதுபோல அழைத்தது. ரயில் கம்பெனிக்காரர்கள் கட்டிக்கொடுத்தது என்னவோ ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடமும், டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னலும், ஒரு மணியும், ஊர்ப்பெயர் எழுதிய ஒரு பலகையும்தான். ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு மேலும் ஒரு தடவை சுண்ணாம்படித்து, தூணுக்குத் தூண் வாழை கட்டி, மணிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பிளாட்பாரத்து ஓரக் கல்லுக்கெல்லாம் காவியும் வெள்ளையும் பூசி, அதைத் தங்கள் வீட்டுச் சொத்தாக ஆக்கிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஊருக்கும் ஸ்டேஷன் கிடையாது என்ற செய்தியை, கேட்காதவர்களுக்கும் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள்.

இத்தனைக்கும் மூலகாரணம் சேர்மன் ஆவுடையப்ப பிள்ளை. பஞ்சு வியாபாரி. தண்டவாளம் வேறு பக்கம் திரும்பிவிடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கும் கம்பெனி ஆபீசுக்கும் அலைந்து, மனுமேல் மனுப் போட்டு, போகிற இடமெல்லாம் கொன்றையம்பாடியின் பெருமையைச் சொல்லிச் சொல்லி, இந்த மனுஷனிடமிருந்து தப்பித்தால் போதும் என்று துரைமார்கள் கையெழுத்துப் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

திறப்பு நாளன்று படம் பிடிக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று கால் பெட்டியும், கண்ணாடித் தகடுகளும், தலையில் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புத் துணியும் கொண்டுவந்தார். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பெண்டுகள் யாரும் வரவில்லை. ஆண்கள் எல்லோரும், ஆயுசு போனாலும் பரவாயில்லை ஊர் மானம் முக்கியம் என்று துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். நடுவில் கைவைத்த தேக்கு நாற்காலி ஒன்று, அது விழாவுக்கு அழைத்திருந்த ஜமீன்தாருக்கு. அவரை எதிர்கொண்டு அழைத்துவர ஆவுடையப்ப பிள்ளை மாலையும் கையுமாக ஊர் எல்லைக்குப் போனார். போனவர் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஜமீன்தார் வரவில்லை, அவருக்கு அன்று வயிறு சரியில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. வெயில் இறங்கிவிட்டால் படம் விழாது என்று படக்காரர் அவசரப்படுத்தவே, இருந்தவர்களை வைத்து எடுத்துவிட்டார்கள். ஆவுடையப்ப பிள்ளை திரும்பி வந்தபோது படக்காரர் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

படம் கண்ணாடி போட்டு வந்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. ஊரே அதில் இருந்தது. நாவிதர் இருந்தார், மிராசுதார் இருந்தார், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தார்கள், நடுவே நாற்காலி காலியாக இருந்தது, ஆவுடையப்ப பிள்ளை மட்டும் இல்லை. தான் அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தேடினார். அன்றையிலிருந்து தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

படம் மாட்டின மறுநாள் காலையில், படத்திலிருந்த அந்தக் காலி நாற்காலியில், சுண்ணாம்புக் காளவாசலில் வேலை செய்யும் சுப்பி உட்கார்ந்திருந்தாள்.

மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்ட்டர் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தான். அவள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நல்ல சேலையா கெட்டியிருக்கலாம்" என்றாள். படக்காரருக்கு எழுதிக் கேட்போமா என்று யாரோ ஒருவர் சொன்னார். நாற்காலி காலியாகக் கிடந்தால் யாராவது உட்காரத்தானே செய்வார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள். கேள்வி அதுவல்ல. அது விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி. அதில் உட்கார்ந்தவள் இன்றைக்கு ஊரின் விருந்தாளி. அப்படியானால் ஜமீன்தாருக்கு வைத்திருந்த மரியாதை இவளுக்குத்தானே சேரும்? ஆகவே சுப்பிக்கு மாலை போட்டார்கள். பாசஞ்சர் வண்டி புறப்படும்போது பச்சைக் கொடியை அவள் கையில் கொடுத்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு, விருந்தாளியைக் கேட்பதுபோல, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார்கள். சுப்பி யோசித்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் வண்டிமாடு குடிக்க ஒரு தண்ணீர்த்தொட்டி வேண்டும் என்றாள். பொழுது சாய்வதற்குள் தொட்டி வந்துவிட்டது. சிலர் சுப்பிக்கா இந்த மரியாதை என்று முகத்தைச் சுளித்தார்கள். மறுநாள் தாங்களே அந்த நாற்காலிக்கு வரக்கூடும் என்று தோன்றியதும் சுளித்த முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. தினம் ஒருவர் வந்தார், தினம் ஒரு மாலை, தினம் ஒரு கொடி, பொழுது சாய்வதற்குள் நடக்கக்கூடிய ஒரு விருப்பம். ஒருத்தர் தெருவிளக்குக் கேட்டார். ஒருத்தர் ஊஞ்சல் கேட்டார். ஒருத்தர், எதிர்வீட்டுக்காரர் தன்னோடு பேச வேண்டும் என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரரைப் பத்துப் பேர் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த, அவர் தொண்டையைக் கனைத்து, "என்ன வே, சாப்பிட்டாச்சா" என்றார், அதோடு அந்தப் பகை தீர்ந்தது. ஒருநாள் பள்ளிவாசல் தெருவில் படுத்துக்கிடக்கும் கறுப்பு ஆடு நாற்காலியில் நின்றது. அதற்கும் மாலை போட்டார்கள். மாலையை அது அங்கேயே தின்றது. அதன் விருப்பம் என்னவாக இருக்கும் என்று மத்தியானம் வரை விவாதித்து, இனி அதை யாரும் கட்டிப்போடக் கூடாது என்று தீர்மானித்தார்கள். இன்னொரு நாள் நாவிதர், அப்புறம் பெண்பிள்ளை ஒருத்தி, மறுபடி அதே நாவிதர், அப்புறம் கணக்கு வாத்தியார் என்று சுற்றிச் சுற்றி வந்த நாற்காலி ஆவுடையப்ப பிள்ளையிடம் மட்டும் வரவில்லை.

அவர் தன் விருப்பத்தை எப்போதோ தயார் செய்து வைத்திருந்தார். வீட்டுக் கொல்லையில் ஒரு கருங்கல் பலகை வழவழவென்று இழைத்துக் கிடந்தது. இந்த ஸ்டேஷன் ஆவுடையப்ப பிள்ளையின் முயற்சியால் வந்தது என்று அதில் வெட்டி ஸ்டேஷன் முகப்பில் பதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தானாகச் செய்துகொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊர் கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். முறை வராமல் தலை நரைத்துக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் மளிகைக்கடை மீரான் ராவுத்தர் சரக்குப் பிடிக்க மதுரைக்குப் போனார். அவர் போன அன்று நாற்காலியில் அவர். மாலையை வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை காத்திருந்தார்கள்; மாலை வாடிப்போயிற்று, மறுநாள் வேறு ஆள் வந்தாயிற்று. ராவுத்தர் திரும்பி வந்து விஷயம் கேட்டுக் கடைவாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுததைப் பார்த்தபிறகு கொன்றையம்பாடியில் யாரும் ரயில் ஏறவில்லை. வியாபாரிகள் சரக்கைக் கடுதாசி போட்டு வரவழைத்தார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால் வழக்குகளை உள்ளூரிலேயே பேசித் தீர்த்தார்கள். கல்யாணங்களை அடுத்த தெருவுக்குள் முடித்துக்கொண்டார்கள். ஆனால் தினமும் ரயிலைப் பார்க்கத் தவறாமல் வந்தார்கள். வண்டி வரும், ஊரே நின்று கும்பிடும், யாரும் ஏறாமல் வண்டி போகும்.

இது எத்தனை நாளைக்கு நடக்கும்? டிக்கெட்டே விற்காத ஸ்டேஷன் எதற்கு என்று கம்பெனியிலிருந்து கேட்டார்கள். தைமாதத்திலிருந்து வண்டி நிற்காது என்றும் எழுதிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஞானமுத்து நாசரேத்துப் பக்கத்து ஆள், பொறுமைசாலி. அவர் கடுதாசியைப் படித்துக்காட்டியதும் ஆவுடையப்ப பிள்ளை கொதித்துப்போனார்.

"இந்த லைன்ல நம்ம ஸ்டேஷன் மாதிரி சுத்தமா ஒண்ணு இருக்கா வே? மணிய நித்தம் புளி போட்டு வெளக்குதோம். ரயிலுக்கு இதவிட என்ன மரியாத வேணும்?"

"ஐயா, மரியாதயெல்லாம் சரி. ஆளு ஏறணும்லா" என்றார் ஞானமுத்து.

"டிக்கெட்டு விக்கணும், அவ்வளவுதான?"

சபை கூடி முடிவெடுத்தது. மறுநாள் டிக்கெட் ஜன்னலில் கூட்டம் நெருக்கியடித்தது. எல்லோரும் டிக்கெட் வாங்கினார்கள். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வண்டி வழக்கம்போலக் காலியாகப் போயிற்று. வண்டியோடு வரும் கார்டு அதையும் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். கம்பெனி அசையவில்லை.

யாராவது போய்த்தான் ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. சேர்மனைப் பார்த்தார்கள். சேர்மன் கூரை மோட்டைப் பார்த்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, நாற்காலியில் கோமதியம்மாள் இருந்தாள். ஆவுடையப்ப பிள்ளையின் மனைவி.

கோமதியம்மாள் ஸ்டேஷனைக் கண்டதில்லை. வண்டியின் கூவலைக் கேட்டு உலை வைப்பாள், சாயந்திர வண்டியின் கூவலுக்கு விளக்கேற்றுவாள், அதோடு சரி. படத்தில் தன் பெண்சாதியைப் பார்த்ததும் ஆவுடையப்ப பிள்ளைக்குப் பெருமையும் பொறாமையும் ஒன்றாக வந்தன. பெண்டுகள் சூழ அவள் நடந்து வந்தாள். மாலையை வாங்கிக்கொண்டாள். கொடியைக் காட்டினாள். வண்டி வளைவு திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன வேணும், சொல்லுங்கம்மா" என்றார் ஞானமுத்து.

"எனக்கு வேம்பணைக்குப் போணும்" என்றாள் கோமதியம்மாள். "அங்கதான் எந்தங்கச்சி வடிவக் கெட்டிக் குடுத்துருக்கு. அவ தாலி கெட்டிப் போன பொறவு அவ மூஞ்சிய நான் பாக்கல. வண்டிமாட்டுல போனா ஆத்தத் தாண்டணும், ரயிலு வரட்டும், கூட்டிட்டுப் போறேன்னு இவுக சொன்னாக. ரயிலும் வந்துட்டு."

"நீங்க போயிட்டா மறுபடி உங்க முற வரும்போது..." என்று மீரான் ராவுத்தர் தயங்கினார். பட்ட மனுஷர் அவர்.

"வந்தா வரட்டும் அண்ணாச்சி. வடிவு வருவாளா?"

காலை வண்டி போய்விட்டிருந்தது, சாயந்திர வண்டியில் போனால் இருட்டில் இறங்க வேண்டும். ஆனால் விருப்பம் விருப்பம்தான். பொழுது சாய்வதற்குள் மறுநாள் காலை வண்டிக்கு அவள் கையில் டிக்கெட் கொடுக்கப்பட்டது.

அன்று இரவு இலை முன்னால் உட்கார்ந்த ஆவுடையப்ப பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தொணைக்கு ஆளு வேண்டாமா?"

"எதுக்கு? ஏறி உக்காந்தா அது கொண்டுபோயிரும்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னிய."

"எப்ப வருவ?"

"இன்னும் போகவே இல்லியே."

பிறகு அவராகவே, "நான் எப்படி வர முடியும்? நாளைக்கே என் முற வந்துட்டுன்னா?" என்றார்.

"நான் உங்களக் கூப்பிடலியே" என்றாள் கோமதியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. மோர் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

மறுநாள் கோமதியம்மாள் விடிந்தும் விடியாததுமாக ஞானமுத்துவின் மனைவியோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். பிள்ளை தலைப்பாகையைக் கட்டி அவிழ்த்து மறுபடி கட்டி மெதுவாக வந்துசேர்ந்தார். ஸ்டேஷன் வாசலிலேயே மேளம் முழங்கியது. யாரோ அவர் காலைப் பிடித்துத் தூக்கினார்கள், யாரோ மாலையைப் போட்டார்கள், "சேர்மன் வந்துட்டாரு! நாக்காலியில சேர்மன்!" என்று ஊரே கத்தியது. இத்தனை வருஷமாகத் தங்களுக்கு ரயிலைக் கொண்டுவந்த மனிதர் மட்டும் வெளியே நிற்கிறாரே என்று உள்ளுக்குள் எல்லோருக்கும் உறுத்திக்கொண்டிருந்தது போலும். பாதிப் பேர் அழுதார்கள். பிள்ளையும் அழுதார். படத்தைப் பார்க்க எட்டி எட்டிப் பார்த்தார், தலைகளுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தூக்கியவர்கள் அவரைப் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். வண்டி வந்து நின்றிருந்தது. ஞானமுத்து பச்சைக் கொடியை அவர் கையில் கொடுத்தார்.

"இப்பவே சொல்லுங்க, என்ன வேணும்? பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார்கள். கல்தச்சர் உளியோடு வந்து நின்றார். கொல்லையில் கிடக்கும் கல்லைப் பற்றி ஊரில் தெரியாதவர் கிடையாது.

ஆவுடையப்ப பிள்ளை வாயைத் திறந்தார். அப்போது காலியான பெட்டி ஒன்றின் ஜன்னலில் கோமதியம்மாளைப் பார்த்தார். அவள் மேளத்தைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. வண்டி போகப்போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. தன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அது அவரை மிகவும் பயப்படுத்தியது.

எஞ்சின் கூவிற்று. கொடியைத் தூக்கினார். வண்டி நகர்ந்தது. கொடியைத் தூக்கியபடியே அவர் வண்டியோடு நாலு எட்டு நடந்தார், பிறகு வேகமாக நடந்தார், பிறகு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார். மாலை அறுந்து பூ சிதறியது. ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது; கதவைத் திறந்ததும் அந்தக் கைதான். அவர் தொற்றி ஏறிவிட்டார். வளைவு திரும்புகிறவரை கதவோரம் நின்று என்னவோ கத்தினார், எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அசைகிற பச்சைக் கொடி மட்டும்தான் தெரிந்தது.

பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்குப் பெரிய சிக்கல். சேர்மனின் விருப்பம் என்ன? பொழுது சாய்வதற்குள் அதை நிறைவேற்றியாக வேண்டுமே? கல்லைப் பற்றித்தான் கத்தியிருப்பார் என்றார் கல்தச்சர். மீரான் ராவுத்தர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பச்சக் கொடி எதுக்கு வே காட்டுவான்? போங்கன்னு சொல்லத்தான? நம்மளையும் போகச் சொல்லிட்டுப் போறாரு."

சாயந்திர வண்டிக்கு முன்னால் டிக்கெட் ஜன்னலில் கொன்றையம்பாடி திரண்டது. எந்த ஊருக்கு என்று ஞானமுத்து கேட்டார். பலருக்குத் தெரியவில்லை. "நல்ல ஊரா பாத்துக் குடுங்க" என்றார்கள். அத்தை வீடு உள்ளவர்கள் அத்தை வீட்டுக்கும், கடலைப் பார்க்காதவர்கள் கடலுக்கும், காளவாசல் சுப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்து பார்ப்பதற்காக அடுத்த ஸ்டேஷனுக்கும் போனார்கள். வண்டி நிரம்பியதைக் கண்ட கார்டு தன் கண்ணையே நம்பவில்லை. தைமாதம் வந்தது, வண்டி ஸ்டேஷனில் நின்றது. அப்புறமும் நின்றுகொண்டே இருந்தது. நாற்காலியில் தினம் ஒருவர் வருவது மாறவில்லை. ஊரில் இல்லாதவர் வந்துவிட்டால் அவருடைய மாலையை ஈரத்துணியில் சுற்றிப் புதுப் பானைக்குள் வைத்தார்கள், அவர் திரும்பி வந்து போட்டுக்கொண்டார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எல்லோரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று காலை ஆவுடையப்ப பிள்ளை பெட்டிக்குள் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். கோமதியம்மாள் அவர் தோளில் ஒட்டியிருந்த பூவிதழ்களை எடுத்துப் போட்டாள். வயலும் பனையும் பின்னால் போயின. ரயிலுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை. அடுத்த ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்க வந்தார்கள். பிள்ளை மடியைத் தடவிப் பார்த்தார். ரயிலைக் கொண்டுவந்தவன் டிக்கெட் இல்லாமல் ஏறினான் என்று ஆகிவிட்டதே. கோமதியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு டிக்கெட்டை நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டாள்.

வண்டி மறுபடி நகர்ந்ததும், "படத்துல நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டார்.

"நீங்க பாக்கலியா?"

"எங்க பாக்க விட்டானுவ. நீ பாத்தியா?"

"காலையில மொதல்ல போனது நான்தான. பாத்தேன்."

"தலப்பாவோடதான இருந்தேன்?"

"தலப்பா இல்ல, சட்ட இல்ல. நேத்து ராத்திரி எல முன்னால உக்காந்து என்னையவே பாத்துட்டு இருந்தியள்ளா, ஒண்ணும் சொல்லாம? அந்த மூஞ்சி."

பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. "அப்போ ஊரு பூரா பாத்துருக்குமே!"

"பாத்திருக்கும்" என்றாள் கோமதியம்மாள். "அதப் பாத்துட்டுத்தான் மாஸ்டர்ட்ட இன்னொரு டிக்கெட்டு வாங்குனேன்."